உச்சந்தலைக்கு மூவாயிரம் சுற்று

வாஷிங் மெஷின் பழுது பார்ப்பது தலைகுனிந்து செய்ய வேண்டிய தொழில். இருபது வருஷத்தில் அந்த மெக்கானிக் குனியாத மெஷின் இல்லை. ஆனாலும் தலைகுனிவு என்று ஒன்று அவருக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு லாண்ட்ரி. பன்னிரண்டு மெஷின்கள். ஏழாம் நம்பரில் தண்ணீர் வடியவில்லை. பம்பைக் கழற்றி, உள்ளே சிக்கியிருந்த ஒற்றைக் காலுறையை உருவியெடுத்து, முதலாளியம்மாவிடம் வெற்றியோடு காட்டப் போனார். அந்தம்மா கேமரா பதிவை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரம் யாரோ சோப்புப் பொடி டப்பாவைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்களாம்.

திரையில் ஒருவன் மூன்றாம் நம்பர் மெஷினுக்குள் தோள் வரை கையை விட்டுக்கொண்டிருந்தான். முகம் தெரியவில்லை. உச்சந்தலை தெரிந்தது. சாசர் அளவுக்கு ஒரு வட்டம், துடைத்து வைத்த மாதிரி பளபளவென்று.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! இவன்தாம்மா திருடன். முழியைப் பாக்க வேண்டாம், மண்டையைப் பாத்தாலே தெரியுது. இந்த மண்டையை வச்சே ஊர்ல எங்க இருந்தாலும் பிடிச்சிடலாம்."

முதலாளியம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

"அது நீங்கதாங்க. பெல்ட் மாத்த வந்தீங்களே, அப்போ."

மெக்கானிக் காலுறையைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு டூல் பேக்கை மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு முதல் வேலையாகக் கண்ணாடி முன்னால் போனார். அவர் மனைவி தையல்காரி. வாசல் அறைதான் அவளுடைய கடை. துணி போட்டுப் பார்க்க ஆளுயரக் கண்ணாடி ஒன்று அங்கே உண்டு. அதற்கு முதுகைக் காட்டி நின்று, சவரக் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, கழுத்தை இப்படியும் அப்படியும் திருகினார். கேமரா பொய் சொல்லவில்லை.

"என்ன பாக்கறீங்க?" என்றாள் மனைவி, தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமல்.

"காலர் கிழிஞ்சிருக்கான்னு பாக்கறேன்."

"பனியனுக்கு ஏதுங்க காலர்?"

மெக்கானிக் கண்ணாடியைக் கீழே வைத்தார். அந்த நிமிஷத்தில் ஒரு சபதம் எடுத்தார்: முடி வளர்ந்தே ஆக வேண்டும், மனைவிக்குத் தெரியாமல் வளர வேண்டும். காரணம் இருந்தது. அவளுடைய அண்ணன் விக் வைத்துக்கொண்டு வந்தபோது ஒரு வருஷம் விடாமல் சிரித்தவர் இவர். "மச்சான், காத்தடிக்குது, தொப்பியைப் பிடிங்க" என்று கல்யாண வீட்டிலேயே கத்தியவர். இப்போது தன் தலைக்கு வைத்தியம் தேடுகிறார் என்று தெரிந்தால் மனைவி வீட்டார் நாலு தலைமுறைக்குச் சிரிப்பார்கள்.

இரண்டு நாள் கழித்து, வெட்டுமேஜையில் துணித்துண்டுகளுக்கு நடுவே ஒரு துண்டறிக்கை கிடந்தது. ஏதோ ஒரு தோல் மருத்துவமனையுடையது. 'உங்கள் ரத்தமே உங்கள் மருந்து' என்று தலைப்பு. கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுப்பார்களாம். அதை ஒரு மெஷினில் வைத்து வேகமாகச் சுழற்றுவார்களாம். சிவப்பு அடியில் தங்கி, மஞ்சள் நீர் மேலே பிரியுமாம். அதில் தட்டணுக்கள் என்று சில சமாச்சாரங்கள் இருக்குமாம். காயம் ஆற்றுகிற அந்த அணுக்களைத் தலையில் செலுத்தினால் தூங்குகிற வேர் எழுந்திருக்கலாமாம். முகத்துக்கும் நல்லதாம்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நாளெல்லாம் ஊசியோடு குடும்பம் நடத்துகிறவளைக் கட்டிக்கொண்ட அந்த மனிதருக்கு ஊசி என்றால் உயிர் போகும். அவர் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் சர்க்கரை. இவரும் கொஞ்ச நாளாகத் தண்ணீர்க் குடத்தைத் தனி ஆளாகக் காலி செய்துகொண்டிருந்தார். "ஒரு தடவை ரத்தம் குடுத்துப் பாத்திடலாங்க" என்று மனைவி மூன்று வருஷமாகக் கேட்கிறாள். ஒரு முறை ஆய்வுக்கூட வாசல் வரை இழுத்துக்கொண்டே போய்விட்டாள். ஊசியின் உறையைப் பிரிக்கிற சத்தம் கேட்டதும் மனிதர் நாற்காலியிலேயே சரிந்துவிட்டார். எழுப்பி உட்கார வைத்துக் குளிர்பானம் கொடுத்து அழைத்து வந்தாள்.

அப்படிப்பட்டவர் அந்தத் துண்டறிக்கையை நாலு முறை படித்தார். 'ஊசி' என்ற சொல்லை நாலு முறையும் தாண்டிக் குதித்தார். 'சுழற்றுவார்கள்' என்ற சொல்லிலேயே கண் நின்றது. எத்தனை சுற்று? என்ன மோட்டார்? துணியிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிற வித்தை அவருக்குத் தெரியும். ரத்தத்திலிருந்து ரத்தத்தைப் பிரிப்பதா?

சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தார்.

"ஏம்மா, ரத்தத்தைச் சுத்தினா பிரியுமா?"

"எந்த ரத்தத்தை?"

"பொதுவா. ரத்தம்னு ஒண்ணு இருக்கில்ல, அதை."

"எனக்கென்னங்க தெரியும்? நான் துணியை வெட்டறவ. திடீர்னு ஏன்?"

"பொது அறிவு."

"ஓ," என்றாள் மனைவி. "அது வளர்ந்தா நல்லதுதான்."

'வளர்ந்தா' என்ற சொல்லில் மெக்கானிக்குக் கொஞ்சம் புரையேறியது.

சனிக்கிழமை, பேரிங் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனார். தொப்பி போட்டுக்கொண்டுதான் போனார். டாக்டரம்மா தொப்பியைக் கழற்றச் சொல்லி, விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார்.

"செய்யலாம். ஆனா எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் இருக்காது. சிலருக்கு அடர்த்தி கூடும், சிலருக்குக் கொட்டறது நிக்கும், சிலருக்கு ஒண்ணும் தெரியாது. மாசத்துக்கு ஒரு தடவைன்னு மூணு நாலு தடவை வரணும்."

"அந்த மெஷின் எத்தனை சுத்துங்க?"

டாக்டரம்மாவிடம் இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. "மொதல்ல சாதாரண ரத்தப் பரிசோதனை. அதுல எல்லாம் சரியா இருந்தாதான் மத்தது," என்று நர்ஸம்மாவைக் கூப்பிட்டார். "இவருக்கு மெஷினைக் காட்டுங்க."

பக்கத்து அறையில், மேஜை மேல், பானை மூடி மாதிரி மூடியோடு அது உட்கார்ந்திருந்தது. நர்ஸம்மா மூடியைத் திறந்தார். உள்ளே வட்டமாகக் குழாய் வைக்கிற குழிகள். மெக்கானிக்குக் கண் விரிந்தது.

"நிமிஷத்துக்கு எத்தனை?"

"மூவாயிரம்."

"மூவாயிரமா! எங்க மெஷின் ஆயிரத்து இருநூறைத் தாண்டினாலே அறையை விட்டு நடந்து போக ஆரம்பிச்சிடும். இது எப்படிங்க ஆடாம நிக்குது?"

"இந்தப் பக்கம் ரத்தக் குழாய் வச்சா, நேர் எதிர்ப்பக்கம் அதே எடைக்குத் தண்ணிக் குழாய் வைக்கணும். கையை இப்படி நீட்டுங்க."

"அதான் பாத்தேன்! கம்பளியை ஒரே பக்கமாப் போட்டா டிரம் கிடந்து உதைக்குமே, அதே கதை. ஜனங்களுக்கு நான் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். உள்ள பேரிங் ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டுன்னு நினைக்கிறேன். பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்குங்க."

"எதுக்குப் பஞ்சு?"

"எடுத்தாச்சு."

மெக்கானிக் குனிந்து பார்த்தார். முழங்கை மடிப்பில் பஞ்சு. நர்ஸம்மா கையில் மூன்று குழாய்களில் அவருடைய ரத்தம், வெதுவெதுப்பாக, அடர் சிவப்பாக. மயங்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். அதற்குள் நர்ஸம்மா ஒரு குழாயை மெஷினில் வைத்து, எதிரே தண்ணீர்க் குழாய் வைத்து, பொத்தானை அழுத்திவிட்டார். உய்ங்... என்று மெல்லிய ராகம். மேஜை மேலிருந்த பேனாகூட அசையவில்லை. மயக்கத்தை ஒத்திவைத்துவிட்டு அவர் காதை மூடியருகே கொண்டுபோனார்.

பத்து நிமிஷம் கழித்துக் குழாய் வெளியே வந்தது. அடியில் பாதிக்கு மேல் செங்கல் சிவப்பு. நடுவே நூல் போல ஒரு வெளிர் கோடு. மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது அத்தனையும் எனக்குள்ளதான் இருந்துச்சா?"

"உங்களுக்குள்ளதான்."

"நாப்பத்தஞ்சு வருஷமா எனக்குத் தெரியவே இல்ல பாருங்க," என்றார் மெக்கானிக்.

செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. டாக்டரம்மா காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கு. மூணு மாசச் சராசரி ஒன்பது. இது ரொம்ப நாளா இருந்திருக்கணும். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கண்ணு, கிட்னி எல்லாத்தையும் பதம் பாத்திருக்கும். உடனே சர்க்கரை டாக்டர்கிட்ட போங்க. மாத்திரை, நடை, சாப்பாட்டுல கட்டுப்பாடு."

"அப்போ முடி?"

"இப்போ முடியாது."

அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். அப்பாவின் கடைசி இரண்டு வருஷம் கண் முன்னால் வந்துபோனது. பயமாகத்தான் இருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு: முடியைச் சொல்லாமல் சர்க்கரையை எப்படிச் சொல்வது? தெருமுனைக்கு வருவதற்குள் ஒரு கதை தயாராகிவிட்டது.

மனைவி ஒரு வெள்ளை அங்கிக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

"லாண்ட்ரியில இன்னிக்கு இலவச ரத்தப் பரிசோதனை முகாம்மா," என்றார் மெக்கானிக், செருப்பைக் கழற்றியபடியே. "யாரும் முன்வரல. சரி, நாலு பேருக்கு முன்மாதிரியா இருப்போம்னு நான்தான் கையை நீட்டினேன்."

"நீங்களா!"

"நான்தான். சர்க்கரை கொஞ்சம் இருக்காம். பயப்படாதே. ஆம்பளைன்னா தைரியமா எதிர்கொள்ளணும்."

"அங்கேயே சோதிச்சு அங்கேயே சொல்லிட்டாங்களா?"

"உடனே. எல்லாம் நவீனம்."

"பரவாயில்லையே. மெஷின் எல்லாம் கொண்டுவந்திருந்தாங்களா?"

"பின்னே?"

"எத்தனை சுத்து சுத்துச்சுங்க?"

"மூவாயிரம்!" மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. "நிமிஷத்துக்கு மூவாயிரம்மா! ஒரு ஆட்டம் கிடையாது. எதிர்ப்பக்கம் தண்ணிக் குழாய் வச்சிடறாங்க. டாக்டரம்மா அறைக்குப் பக்கத்துலயே..."

வாய் பாதியில் நின்றது. மனைவி அங்கியை விரித்துக் காட்டினாள். மார்புப் பையில் நீல நூலில் அதே மருத்துவமனையின் பெயர்.

"அவங்க அங்கி எல்லாம் நான்தாங்க தைக்கறேன். துண்டறிக்கையை மேஜையில வச்சதும் நான்தான். கண்ணாடி முன்னாடி நீங்க கழுத்தைத் திருகினப்பவே நூல் விட்டுப் பாக்கலாம்னு தோணுச்சு. நர்ஸம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லி வச்சேன். மெஷினைக் காட்டுங்க, மனுஷன் கையைத் தனியாக் கழட்டிக் குடுத்தாலும் குடுத்திடுவாருன்னு."

மெக்கானிக் முக்காலியில் உட்கார்ந்தார்.

"மூணு வருஷமாக் கெஞ்சினேன்," என்றாள் அவள். "எனக்காக வரல. உச்சந்தலையில நாலு முடின்னதும் பேரிங் வாங்கக் கிளம்பிட்டீங்க."

மெக்கானிக் முழங்கை மடிப்பைத் தடவினார். "வலிக்கவே இல்ல, தெரியுமா?" என்றார், சின்னப் பிள்ளை போல. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். நர்ஸம்மா போனில் முடிவைச் சொன்ன கையோடு மறுநாள் காலை பத்து மணிக்குச் சர்க்கரை டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது என்பதையும் அப்போதே சொன்னாள்.

மூன்று மாதம் இருவரும் ஏரிக்கரையில் காலை நடை நடந்தார்கள். அவர் மாத்திரை போட்டார். சுத்தமாக இனிப்பை விட்டார். ஒன்பது, ஆறரைக்கு இறங்கியது. வீடே கொண்டாடியது. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை மனைவியே கூப்பிட்டாள்:

"தோல் டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். வாங்க போகலாம். உங்க டூல் பேக்கும் வண்டியிலயே இருக்கட்டும்."

மெக்கானிக் தலைக்குக் குளித்து, இருந்ததைச் சீவிக்கொண்டு கிளம்பினார். வரவேற்பில் இருந்த பெண் மனைவியை "உள்ள வாங்கக்கா" என்றாள். அவரைப் பார்த்து, "மெஷின் பாக்க வந்தவர்தானே? பின்பக்கம் போங்க" என்றாள்.

"எனக்குத்தாம்மா வைத்தியம்!"

"இல்லையே சார், அக்கா பேருலதான் இருக்கு. முகத்துக்கு."

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார்.

"ரெண்டு மெஷின்ல ஒண்ணு ஆடுதுன்னு டாக்டரம்மா வருத்தப்பட்டாங்க," என்றாள் அவள். "எங்க வீட்டுக்காரரே பாத்துக்குவார்னு சொல்லிட்டேன். உங்களுக்கும் கேட்டேங்க. தலைக்கு எத்தனை குத்து தெரியுமா? அறுபது. அதுக்கு மெஷினைக் காட்டி ஏமாத்தவும் முடியாதாம், கண்ணைத் திறந்து உக்காந்தே இருக்கணுமாம். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. வேணும்னா என் நேரத்தை நீங்க எடுத்துக்குங்க."

மெக்கானிக் வண்டியிலிருந்து டூல் பேக்கை எடுத்து வந்தார்.

"ஆடற மெஷின் எங்க இருக்கு?" என்றார்.

முக்கால் மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினார். மெஷினின் கால் ரப்பர் ஒன்று கல்லாக இறுகியிருந்தது, மாற்றினார். பேரிங்கில் தூசி, துடைத்தார். தலையைக் கவிழ்த்து ஒரு திருகை முடுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் மனைவியின் குரல் கேட்டது.

"எப்படிங்க இருக்கு?"

"பழைய மாடல்தான்," என்றார் மெக்கானிக், தலையைத் தூக்காமல். "மேல என்ன பூசினாலும் உள்ள தேய்மானம் தேய்மானம்தான். இன்னும் ரெண்டு வருஷம் தள்ளலாம்."

நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் சிவந்து, கையில் சின்னக் கண்ணாடியோடு அவள் நின்றிருந்தாள்.

அன்றைக்கு அவருடைய நடை, டாக்டர் சொன்ன தூரத்தைவிட ஏழு கிலோமீட்டர் கூடிவிட்டது. வண்டிச் சாவி அவளிடம் இருந்தது.