பாரிஸ் அண்ணாத்தயின் பண்டிகைகள்

பத்திரிகையில் எழுதும் அளவுக்கு எனக்குப் படிப்பு கிடையாது. பத்தாவதும் டைப்ரைட்டிங் லோயரும்தான். நாலு பேர் நடுவில் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் எழுத வந்ததற்கு மன்னிக்க வேண்டும். வாயால் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டேன். இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

மாமல்லபுரத்தில் ஆட்டோ ஓட்டிக்கொண்டு, பிரான்ஸ் தேசத்துப் பாரிஸ் நகரத்தின் திருவிழாக்களை ஒன்று விடாமல் கொண்டாடிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். பாரிஸில் குடியிருப்பவர்களே அத்தனையும் கொண்டாடுவார்களா என்பது சந்தேகம். அவர் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. ஊருக்கு அவர் பாரிஸ் அண்ணாத்த.

காரணம் ஒரு பிரெஞ்சுக்கார அம்மா. மதாம் என்போம். வருஷா வருஷம் குளிர்காலத்தில் நாட்டிய விழா பார்க்க வருவார், அண்ணாத்த வண்டியில்தான் சுற்றுவார். திரும்பிப் போனதும் தங்கள் நகரத்தில் எந்த மாதம் என்ன விழா என்று படம் போட்ட காலண்டர் ஒன்று அனுப்பிவைப்பார். அதைப் பார்த்து இவர் இங்கே கொண்டாடுவார்.

ஜூன் இருபத்தொன்றாம் தேதி அங்கே தெருவெல்லாம் பாட்டு. யார் வேண்டுமானாலும் எந்த முனையிலும் நின்று பாடலாமாம். அண்ணாத்த பஸ் நிலைய வாசலில் நின்று பாடினார். ஜனங்கள் போர்டைக்கூடப் பார்க்காமல் கிடைத்த பஸ்ஸில் ஏறினார்கள். கல்பாக்கம் போக வேண்டிய ஒருவர் செங்கல்பட்டில் போய் இறங்கினார்.

ஜூலை பதினாலு வாணவேடிக்கை. இவர் சரவெடி கொளுத்தியதும் போலீஸ்காரர் வந்து என்ன விசேஷம் என்று கேட்டார். தேசிய தினம் என்றார் இவர். யாருடைய தேசம் என்று கேட்டு ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள்.

மே மாதத்தில் ஒருநாள் அங்கே அருங்காட்சியகங்களை இலவசமாகத் திறந்து விடுவார்களாம். அன்றைக்கு ஐந்து ரதம் டிக்கெட் கவுண்டரில் நின்று இவர் வாதாடினார். டெல்லிக்கு எழுதிப் போடுங்கள் என்றார்கள். எழுதிப் போட்டார். என் ஜெராக்ஸ் கடையில் நான்தான் டைப் அடித்தேன். பதில் வரவில்லை.

கோடையில் அங்கே ஆற்றங்கரையில் நாற்காலியும் குடையும் போட்டுக் கடற்கரை மாதிரி செய்வார்களாம். "நம்மகிட்ட மணல் கீது, கடல் கீது. நாற்காலிதான் இல்ல" என்று வருத்தப்பட்டு, வீட்டிலிருந்த நாலு பிளாஸ்டிக் நாற்காலியையும் கொண்டுபோய் அலை ஓரத்தில் போட்டார். அலை இரண்டை எடுத்துக்கொண்டது. அவர் மனைவி ஒரு மாதம் பேசவில்லை.

இதற்கெல்லாம் வேண்டிய சீரியல் பல்பும் ஜிகினாத்தாளும் வாங்க மாதம் ஒருமுறை சென்னைப் பாரிமுனைக்குப் போவார். எங்கள் பக்கத்தில் பாரிமுனை என்று யாரும் சொல்வதில்லை. அதுவும் பாரிஸ்தான். அவர் "பாரிஸ் போய்கினு வரேன்" என்றால், "எந்தப் பாரிஸ், பஸ் போறதா, பிளேன் போறதா?" என்று ஸ்டாண்டில் கலாய்ப்பார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் மதாம் ஒரு போட்டோ அனுப்பினார். பாரிஸ் நடுத்தெருவில் பிள்ளையார் தேர். இலங்கைத் தமிழர்கள் வருஷா வருஷம் இழுக்கிறார்களாம். தார்ச்சாலையில் தேங்காய் மலையாகக் குவிந்து கிடக்கிறது. வெள்ளைக்காரர்கள் திருநீறு பூசிக்கொண்டு நிற்கிறார்கள். அண்ணாத்த அந்தப் படத்தை எனக்கு நாலு தடவை காட்டினார். அதன் பிறகு அவருக்கு அந்தத் தேர் வடத்தை ஒரு தடவையாவது தொட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை.

போன வருஷம் மதாமே அழைப்புக் கடிதம் அனுப்பினார். தனக்கு வயதாகிவிட்டது, வருகிற வருஷம் நகரத்தை விட்டு மகன் ஊருக்கே போய்விடுவேன், இந்தத் தேருக்கு வந்துவிடு என்று. அண்ணாத்த பாஸ்போர்ட் எடுத்தார். விசாவுக்குக் காகிதங்கள் சேர்த்தோம். போனவர் திரும்பி வருவார் என்பதற்கு வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதமும் வேண்டும் என்றார்கள்.

ஆட்டோ ஸ்டாண்ட் தலைவர் என் கடைக்கு வந்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அடித்தேன். நல்லவர், உழைப்பாளி என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "மாசம் ஒருவாட்டி பாரிஸ் போறாரு. சாயங்காலமே திரும்பிடறாரு. ஒருநாள்கூட அங்க தங்கினதில்ல. இத நல்லா அழுத்தி எழுதும்மா" என்றார்.

அடித்தேன். பாரிஸ் என்ற சொல்லை, பிரான்ஸ் பாரிஸுக்கு மற்ற காகிதங்களில் இருந்த அதே இங்கிலீஷ் எழுத்துக்களில்தான் அடித்தேன். அடித்து முடித்ததும்தான் எனக்கே உறைத்தது. இது வேறு பாரிஸ் ஆயிற்றே என்று சொல்ல வாயெடுத்தேன். பெரிய மனிதர், அதற்குள் ரப்பர் ஸ்டாம்பை நங்கென்று குத்திவிட்டார். நான் ஸ்டேப்ளர் போட்டுக் கொடுத்தேன்.

விசா அலுவலகத்தில் நடந்ததை அண்ணாத்தயே பிறகு சொன்னார். கவுண்டரில் இருந்தவர் கடிதத்தைப் படித்துவிட்டு, மாதாமாதம் பாரிஸ் போவீர்களாமே, எதில் போவீர்கள் என்று கேட்டிருக்கிறார். இத்தனை வருஷம் பிரான்ஸ் பாரிஸையே கனவு கண்ட மனிதர், அந்த ஒரு நொடியில் எங்கள் ஊர்ப் பதிலைச் சொல்லிவிட்டார்.

"பஸ்லதான் சார்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு மணி நேரம். மழ வந்தா மூணு."

பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட இல்லையே என்றாராம் அவர். பஸ்ஸில் டிக்கெட்தான் கிழிப்பார்கள் என்றாராம் இவர்.

தேருக்குப் பத்து நாள் இருக்கும்போது பாஸ்போர்ட் திரும்பி வந்தது. கூடவே ஒரு காகிதம். அண்ணாத்த அதை என் மேசையில் வைத்து, என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னார். கொடுத்த தகவல்கள் நம்பும்படி இல்லை, இவர் திரும்பி வருவார் என்பதற்கு உறுதி இல்லை என்று இருந்தது. மெதுவாகப் படித்தேன். பிறகு, "அந்த வரிய நான்தான் அண்ணா அடிச்சேன். தப்புன்னு தெரியும். சொல்ல வாய் வரல" என்றேன்.

அவர் காகிதத்தை மடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வுடும்மா. தலைவரும் நல்லதுக்குதான் சொன்னாரு. பஸ்லன்னு சொன்னவன் நானு" என்றார். வாசல்படி இறங்கப் போனவர் நின்றார். "திரும்பி வரமாட்டேன்னு எழுதிகிறான் பாரு, அதான் பேஜாரா கீது. வூடு இங்க கீது. நான் எங்கம்மா ஓடிடுவேன்?"

அந்த வருஷம் தேர் அவர் இல்லாமல்தான் ஓடியது. மதாம் போட்டோ அனுப்பி, ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தார்.

அது வந்த மறுநாள் காலை அண்ணாத்த கடைக்கு வந்து, மதாமுக்குப் பதில் அடிக்கச் சொன்னார். சீசன் நேரம், வண்டியை விட்டு வர முடியவில்லை, யார் மேலும் தப்பில்லை என்று எழுதச் சொன்னார். தேர் ஓடும் ஆகஸ்ட், செப்டம்பரில் எங்கள் ஊரில் சீசன் கிடையாது. அது மதாமுக்கும் தெரியும். அடித்து அனுப்பினேன்.