பேக்கப் அத்தான் கறுப்புப் பெட்டியை வென்ற சருக்கம்

வாழ்க, மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு வீடெல்லாம் அதைத் தேடும் நெடுநோக்கினர்! வாழ்க, பழுதென்று வந்த கருவி எதுவாயினும் ஒருமுறை அணைத்து மறுமுறை உயிர்ப்பிக்கும் அருமருந்து அறிந்தவர், கையேட்டைப் பிரிக்காமலே பரணில் எறியும் துணிவுடையார், உற்றார் எவர் இல்லம் புகினும், செருப்பைக் கழற்றுமுன்பே "பேக்கப் எடுத்தாச்சா?" என வினவி, எடுக்காதாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, கொடுத்த காபி ஆறி ஆடை படியும்வரை அறிவுரை பொழியும் அருள்மழை முகில்! கம்பிவழி ஓடிவரும் மின்சாரமே, இக்கதை முடியும்வரை நீ எங்கும் போய்விடாதே. முதல் முறை செருகினாலும் நுழையாது, திருப்பிச் செருகினாலும் நுழையாது, மறுபடி முதலில் வைத்தபடியே வைத்தால் சமர்த்தாக நுழைந்துகொள்ளும் யு.எஸ்.பி. முனையே, நீயும் வந்து முன்னிற்பாய். இத்தனை கும்பிடும் எதற்கென்றால், ஒரே ஒரு வீடியோவைக் காப்பி பண்ணுவதற்குத்தான்.

இத்தகு புகழ் படைத்த நம் தலைவர், வெளியுலகுக்கு வேதியியல் ஆசிரியர்; வீட்டுக்குக் கணினிச் சக்கரவர்த்தி. முடியை யாரும் சூட்டவில்லை, அவரே எடுத்து வைத்துக்கொண்டார். மனைவியின் தம்பி ஒருவன் இருந்தான். திரைச்சீலை தைத்து விற்பவன். வாயைத் திறந்தால் கேலி தவிர வேறொன்றும் வராதவன். அவன்தான் இவருக்குப் 'பேக்கப் அத்தான்' என்று பெயர் வைத்தான். வம்புக்கு வைத்த பெயரை விருதாக ஏற்று மார்பு விரிந்த அந்தப் பெருந்தன்மையை என்னென்று சொல்ல! இப்போது சொந்தக்காரர் எல்லோருக்கும் அவர் பேக்கப் அத்தான்தான்.

இனி, போர் மூண்ட காரணம் கேளீர். தலைவி, காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் அறிவியல் கற்பிப்பவள். விடுமுறை முழுவதும், பிறர் ஊர்சுற்றிக் களித்திருந்த பொழுதில், சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளி, பின்னால் நீலத்துணி கட்டி, கேமராவின் முன் நின்று, இலை வெயிலை உண்பது முதல் இதயம் குருதி இறைப்பது வரை அத்தனை பாடத்தையும் பத்து விரலாலும் புருவத்தாலும் சைகை மொழியில் சொல்லி, அதை ஒரே நெடும் வீடியோவாகக் கோத்து வைத்திருந்தாள். கேமராவின் கார்டையோ அன்றன்று அழித்து மறுநாள் பாடத்துக்கு இடம் பண்ணியாயிற்று. ஆக, அந்த வீடியோ இருந்தது அவளுடைய லேப்டாப் ஒன்றில் மட்டுமே. அந்த லேப்டாப்போ சில நாளாக வயிற்றுக்குள்ளிருந்து 'டக், டக்' என்று சாவுமணி அடித்துக்கொண்டிருந்தது. பழுதுபார்க்கும் கடைக்காரர் சனிக்கிழமை காலையிலேயே போனில் சொல்லிவிட்டார்: "டிஸ்க்கே போச்சு மேடம், மாத்தணும். நாலு மணிக்கு ஆள் அனுப்பறேன். உள்ள இருக்கறது ஒண்ணும் மிஞ்சாது, அதுக்குள்ள எடுத்து வச்சுக்கங்க." திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது.

"அஞ்சேல்!" என்று முழங்கினார் தலைவர். அலமாரியைத் திறந்தார். அங்கே, பழைய சார்ஜர்களும் எதற்கென்று தெரியாத வயர்களும் பின்னிப் பிணைந்து கிடந்த காட்டினூடே, உள்ளங்கை அகலமே உடைய, பார்வைக்குச் சாதுவான, கறுப்பு நிறத்து வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று துயின்றுகொண்டிருந்தது. அதனுள் வீற்றிருந்தது 'மிக முக்கியம் கடைசி புதியது' என்னும் திருப்பெயர் தாங்கிய ஃபோல்டர். இப்போது விடுதியில் தங்கிப் படிக்கும் மகள், தவழ்ந்ததும், முதலடி வைத்துத் தொப்பென்று விழுந்ததும், முன்பல் போன வாயோடு கண்ணாடி முன் நின்று பாடியதும் எல்லாம் அதில்தான் அடக்கம். போனிலும் பழைய கணினியிலும் இருந்தவற்றை அவரே அழித்துவிட்டிருந்தார். வெளி டிஸ்க்கில் ஏற்றிவிட்டால் அதுவே பேக்கப் என்பது அவருடைய சித்தாந்தம்.

லேப்டாப்பில் 'சர்வரட்சகன்' என்னும் பேக்கப் மென்பொருள் ஏற்கெனவே குடியிருந்தது. தலைவர் பெட்டியை மாட்டினார், வீடியோவைச் சுட்டினார், நாற்காலியில் சாய்ந்து, படைகளை ஏவிய வேந்தனெனக் கைகட்டி அமர்ந்தார். சர்வரட்சகன் சிறிது நேரம் சுழன்றது. பின்னர், செந்நிறப் பட்டயத்தில் ஓர் ஆணை பிறப்பித்தது: 'கோப்பு மிகப் பெரிது. இலக்கு இதனை ஏலாது.'

"பெரிசுன்னா என்னங்க அர்த்தம்? டிஸ்க்குல முக்காவாசி காலியாத்தானே இருக்கு?" என்று கேட்டாள் தலைவி.

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா," என்றார் தலைவர். அவருக்கும் புரியவில்லை என்பது வேறு விஷயம்.

தொடங்கிற்று முதல்நாள் போர்; அல்ல, முதல் மணிப் போர். வயரை மாற்றினார், மாற்றிய வயரை ஊதினார், ஊதிய வயரைச் சட்டை நுனியால் துடைத்து வேறு துளையில் செருகினார். சர்வரட்சகனை வேரோடு நீக்கினார். நீக்கிய அதனையே மீண்டும் அழைத்து அரியணை ஏற்றினார். லேப்டாப்பை அணைத்தார், எழுப்பினார், மீண்டும் அணைத்தார். அது உயிரோடு எழும் ஒவ்வொரு முறையும் தலைவிக்குத்தான் உயிர் போய் வந்தது. எத்தனை முறை மோதினும் அதே செந்நிறப் பட்டயம், அதே வாசகம். மைத்துனன் போன் செய்தான். நிலவரத்தைக் கேட்டுவிட்டு, "அத்தான், அந்த வீடியோவை ரெண்டு மூணா வெட்டி ஏத்திட வேண்டியதுதானே?" என்றான்.

தலைவர் மீசை துடித்தது. "துணி வெட்டி வாழ்பவனுக்கு எதைக் கண்டாலும் வெட்டவே தோன்றும்!" எனப் பறைசாற்றிப் போனைக் கவிழ்த்து வைத்தார். வெட்டியிருந்தால் கால் மணியில் வேலை முடிந்திருக்கும். அதையெல்லாம் காவியத்தில் சொல்லக் கூடாது.

மதிய உணவு தட்டிலேயே காய்ந்துகொண்டிருக்க, இணையத்தின் இருண்ட சந்துகளில் நெடுநேரம் அலைந்து, முகமறியா அன்பர் ஒருவர் எக்காலத்திலோ எழுதிப்போட்ட பதிலொன்றைக் கண்டடைந்தார். மர்மம் அவிழ்ந்தது. டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறைக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். கறுப்புப் பெட்டியில் இருந்ததோ ஃபேட்32 எனும் கிழமுறை. அது எந்தக் கணினியோடும் ஒத்துப்போகும். ஆனால் நாலு ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை, உள்ளே மைதானமே காலியாகக் கிடந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடும். கட்டிலைக் கழற்றாமல் கதவுவழி நுழைக்கப் பார்த்த கதைதான். "நான் அப்பவே சந்தேகப்பட்டேன்," என்றார் தலைவர்.

சந்தேகம் தெளிந்தபின் தாமதம் ஏது? பெட்டியை முற்றாக அழித்துப் புதுமுறையில் ஃபார்மட் செய்வதெனச் சூளுரைத்தார். அழிக்குமுன் அதனுள் வீற்றிருந்த 'மிக முக்கியம் கடைசி புதிய'தை, குடிபெயரும் அரச குடும்பத்தைப் பல்லக்கில் ஏற்றும் பரிவோடு மெல்ல இழுத்து, எதிரே திறந்திருந்த லேப்டாப்பின் முகப்பிலேயே இறக்கி வைத்து, "சற்றே இளைப்பாறுக" எனக் கூறி, பெட்டியைக் கழற்றித் தம் மேசைக் கணினிக்கு எடுத்துப்போய், அது உவக்கும் என்.டி.எஃப்.எஸ். என்னும் முறையை அதில் நாட்டி, புறங்கையால் வியர்வையைத் துடைத்து, வெற்றிநடை போட்டுத் திரும்பினார். நடை லேப்டாப்வரைதான். அது வேறு குலத்துக் கணினி. புதுமுறை நாட்டிய பெட்டியை மாட்டியதும் உள்ளே இருப்பதைப் பார்க்க மட்டும் அனுமதித்தது; எழுதப் போனால் கையைத் தட்டிவிட்டது. 'காணலாம், எழுதலாகாது' என்றது ஆணை.

அப்பொழுது தலைவி வாயால் பேசுவதை நிறுத்திவிட்டாள். கோபம் எல்லை மீறினால் அவள் கைகள் பேசத் தொடங்கும். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, லேப்டாப்பைக் காட்டி, பிறகு விரல்கள் பறக்க அவள் நிகழ்த்திய நீண்ட உரையை அவள் வகுப்பின் கடைசி பெஞ்சுப் பிள்ளையும் வரிக்குவரி புரிந்துகொண்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கும். நம் தலைவரோ இத்தனை ஆண்டு இல்லறத்தில் 'சாப்பாடு', 'போதும்' என்னும் இரு சைகைகளை மட்டுமே கற்றவர். "பதறாதே, இன்னும் நேரம் இருக்கு," என்று பதில் சொன்னார். நேரம் இல்லை.

மூன்றாம் போரே பெரும்போர். லேப்டாப்பின் குலத்துக்கே உரிய முறையில் பெட்டியை மறுபடி ஃபார்மட் செய்தார். இம்முறை சர்வரட்சகன் கோட்டைக் கதவை அகலத் திறந்து, பணிவோடு வினவியது: 'அனைத்தையும் காக்கவா, தேர்ந்தவற்றை மட்டும் காக்கவா?' அனைத்தும் எனில் விடியும்வரை ஆகும் என்று கணக்கும் காட்டிற்று. தலைவர் கண்கள் சிவந்தன. வரிசையாய் நின்ற சதுரங்கள் ஒவ்வொன்றிலும் இருந்த குறியை, களை பறிப்பதுபோல் சரசரவென நீக்கினார். "பாடம் ஒன்றே வாழ்க! பிற குப்பை யாவும் மாய்க!" என்றார். 'பாடம்' ஃபோல்டரில் மட்டும் குறி நின்றது. பச்சைக் கோடு நத்தையாய் நகரத் தொடங்கியது.

ஐம்பது விழுக்காடு. அறுபது. 'டக், டக்' என்றது லேப்டாப். தலைவி கண்ணை மூடிக்கொண்டாள். எண்பது. அழைப்பு மணி அடித்தது, கடையிலிருந்து வந்த ஆள் ஹெல்மெட்டைக் கையில் இடுக்கியபடி உள்ளே வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, பச்சைக் கோட்டைப் பார்த்து, "ஓ, இன்னும் முடியலையா?" என்றான். தலைவர் அவனை ஒரு பார்வை பார்த்தார். தொண்ணூற்றொன்பதில் கோடு நின்றது, நின்றுகொண்டே இருந்தது, நால்வரில் மூவர் மனிதர், ஒன்று இயந்திரம், நால்வருமே மூச்சுவிடவில்லை. பிறகு பச்சை டிக் வந்தது.

தலைவி பெட்டியிலிருந்தே வீடியோவை ஓட்டிப் பார்த்தாள். நீலத்துணியின் முன்னே அவளே நின்றாள். அவள் விரல்கள் இலையாய் விரிந்து வெயிலை வாங்கிக்கொண்டன. நடுவில் ஓட்டினாள், கடைசியில் ஓட்டினாள், எல்லாம் இருந்தது. "அப்பாடா!" என்று சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கடையாள் லேப்டாப்பைப் பையில் வைத்தபடி கேட்டான்: "பழைய டிஸ்க்கை அழிச்சு உடைச்சுப் போட்டுடலாமா சார்? சில பேர் திருப்பிக் கேப்பாங்க."

மேகம் இடித்ததோ, மலை பிளந்ததோ எனக் கேட்டோர் ஐயுற, நம் தலைவர் வலக்கை உயர்த்தி மொழிந்தார்: "அழிப்பீர்! உடைப்பீர்! துகளும் எஞ்சாது தூளாக்குவீர்! பேக்கப் இல்லாத பேதையரன்றோ பழைய டிஸ்க்குக்கு ஏங்குவர்!" அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

அதன்பின் நடந்த வெற்றி விழாவை விரிக்கிற் பெருகும். உறவினர் குழுவில் பச்சை டிக்கின் படம் ஏறிற்று. கீழே நீண்டதோர் அறிவுரையும் ஏறிற்று. மைத்துனனைத் தோற்ற மன்னன்போல் வீட்டுக்கே வரவழைத்து, சோபாவில் உட்காரவைத்து, மூன்று போரையும் முதலிலிருந்து சொன்னார். வெட்டச் சொன்ன குற்றத்தை மூன்று இடத்தில் நினைவூட்டினார். அவனும் பாவம், "சரி அத்தான், சரி அத்தான்" என்று கேட்டுக்கொண்டான். நடுவில் கடையிலிருந்து செய்தி வந்தது: புது டிஸ்க் போட்டாயிற்று, பழையதைச் சார் சொன்னபடியே உடைத்தாயிற்று. தலைவர் அதையும் உரக்கப் படித்துக் காட்டினார்.

தலைவி அக்கறையாகப் பெட்டியை எடுத்துவந்தாள். "இருடா, பாப்பா பல்லு விழுந்தப்ப பாடினதைக் காட்டறேன், பார்த்து ரொம்ப நாளாச்சு," என்று தம்பியிடம் சொல்லி, மேசைக் கணினியில் மாட்டினாள். அது பெட்டியை ஏற்கவில்லை. ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது.

"வேண்டாம், வேண்டாம்! அது வேற குலம்," என்று சிரித்தார் தலைவர். "தவிர அதுல பாடம் மட்டும்தான் இருக்கு. பாப்பா வீடியோ எல்லாம் பத்திரமா உன் லேப்டாப்புலதான் இறக்கி..."

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. கேலி தவிர வேறொன்றும் வராத மைத்துனனின் வாயிலிருந்து அன்று கேலிகூட வரவில்லை. அவன் தரையைப் பார்த்தான். சுவரில் நீலத்துணி இன்னும் அவிழ்க்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. தலைவி கையில் வயரைப் பிடித்தபடி, கத்தாமல், கையை ஆட்டாமல், அவர் எல்லோர் வீட்டு வாசலிலும் கேட்பதைத் தானும் கேட்டாள்:

"அதுக்குப் பேக்கப் எடுத்தாச்சா?"

அவர் எடுக்கவில்லை.