சாயங்காலத்தை மறந்த சங்கு

படித்துவிட்டு ஊர் திரும்பியவனை ஒரு மாதத்துக்கு எதையும் தொடவிடக் கூடாது. என்னைத் தொடவிட்டார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கொழும்பில் மின்னணுவியல் படித்துவிட்டு, நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தேன். தொழிற்சாலைச் சங்கு தானாக ஊத மைக்ரோகன்ட்ரோலர் சில்லு வைத்து ஒரு பெட்டி செய்தேன். காலை ஆறுக்கு அதை முடுக்கினால், ஆறிலிருந்து மணியை எண்ணி ஏழுக்கு வேலைச் சங்கு. நாலரைக்கு வேலை முடியும் சங்கு. ஒரு வாரம் ஒழுங்காக ஊதினால் எலக்ட்ரீசியன் வேலை எனக்கு என்று தோட்டத்தை நடத்தும் பெரிய துரை சொல்லியிருந்தார்.

முதல் நாள் பத்தேகாலுக்கே சங்கு ஊதியது. கொழுந்து பறித்த பெண்கள் எல்லோரும் அரைக்கூடையோடு மலையிலிருந்து இறங்கிவிட்டார்கள். அவர்களை மேய்க்கும் கணக்கப்பிள்ளை பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். அதில் குறையே இல்லை. (செய்தவனிடம் இருக்கலாம் என்று தோன்றவில்லை.)

இறங்கிவந்த பெண்களில் ஒருத்தியான ராசம்மா கேட்டாள்: "கொழுந்து அரைக்கிற ரோலர் பொறப்பட்ட சத்தம் கேட்டதும்தான் சங்கு ஊதிச்சுங்க. ரெண்டுக்கும் என்னா சம்பந்தம்?"

மீட்டரை வைத்தேன். ரோலர் புறப்பட்ட கணத்தில் வோல்டேஜ் சடாரென்று விழுந்தது. அப்படி விழுந்தால் சில்லு செத்துப்போகும் என்று நினைத்திருந்தேன். அது சாகாமல், அரைத்தூக்கத்தில் கண்டதையும் செய்திருக்கிறது! வெட்கத்தைவிட வியப்புதான் அதிகமாக இருந்தது.

அன்றே வோல்டேஜைக் கவனிக்கும் ஒரு சுற்றைச் சேர்த்தேன். குறைந்தால் சில்லை நிறுத்தும். சரியானதும் ரீசெட் செய்து முதலிலிருந்து ஓடவிடும்.

மறுநாள் ரோலர் புறப்பட்டது. சங்கு ஊதவில்லை. நெஞ்சை நிமிர்த்தினேன். நாலரைக்கும் ஊதவில்லை. ஏன் என்று பெட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கையால் ஊத வேண்டும் என்ற புத்தி வரவில்லை. சங்கு ஊதாமல் ஒருவரும் இறங்கக் கூடாது என்று கணக்கப்பிள்ளை வேறு கட்டளை போட்டிருந்தார். (முதலிலிருந்து என்றால் கடிகாரமும் ஆறு மணியிலிருந்துதானே! ரோலர் அரை மணிக்கொரு தரம் புறப்படும். ஒவ்வொரு தரமும் என் சில்லுக்குப் பொழுது விடிந்திருக்கிறது.)

இருட்டிய பிறகு பனிமூட்டத்தில் நனைந்து இறங்கிய ராசம்மா சொன்னாள்: "நேத்து காலையிலயே சாயங்காலம் வந்துச்சு. இன்னிக்கு வரவே இல்லைங்களே!"

எனக்கு வேலை கிடைத்தது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக் கையால் சங்கு ஊதும் வேலை.

ராசம்மாவைத்தான் கட்டிக்கொண்டேன். இப்போதெல்லாம் கதை சொல்லும்போது நடுவில் கண்ணயர்ந்து, விழித்ததும் முதலிலிருந்து தொடங்குகிறேனாம். உடனே அவள் விருந்தாளிகளிடம் சொல்கிறாள்:

"ரோலர் பொறப்பட்டுருச்சு. இனி காலை ஆறு மணியிலேருந்து கேக்கணும். இன்னொரு தேத்தண்ணி ஊத்தட்டுங்களா?"