பட்டன் அக்கா திருப்பி வைத்த அட்டைகள்

கடவுள் கொடுத்ததைக் கையில் வாங்கி, படித்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்று திருப்பி வைத்த ஒரே ஆள், எனக்குத் தெரிந்து மலாக்காவிலேயே பட்டன் அக்காதான்.

காஜா பெராங்கில் தகரக் கூரை போட்ட எங்கள் சின்னத் தமிழ்ச் சபையில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. தொழில் தையல். அக்கம்பக்கத்து மலாக்காச் செட்டி வீட்டுப் பெண்களுக்குக் கெபாயா என்கிற மலாய்ச் சட்டை தைத்துக் கொடுப்பார். ஞாயிறு ஓய்வுநாள் என்பதெல்லாம் அவருடைய ஊசிக்குத் தெரியாது. பிரசங்கத்தின் நடுவே யார் சட்டையிலாவது பட்டன் தொங்கினால், ஆளைத் தன் பக்கம் திருப்பி, சட்டை உடம்பில் இருக்கும்போதே தைத்து, நூலைப் பல்லால் கடித்துவிடுவார். ஜெப வேளையில் மட்டும் மரியாதைக்குக் கண்ணை மூடிக்கொண்டு தைப்பார். அப்போது சட்டைக்காரர் ஜெபிக்கிற ஜெபம்தான் ஜெபம்.

புத்தாண்டுக் காலை ஆராதனையில் ஒரு தட்டு சுற்றி வரும். அதில் கவிழ்த்து வைத்த அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். யாருக்கு எது வருகிறதோ, அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அவருக்குத் தரும் வாக்குத்தத்தம் அதுதான். நான் அப்போது சபைச் செயலாளர். அட்டைகளை எழுதுவது நானே என்றாலும், எடுக்கிற கையை நடத்துவது ஆண்டவர் என்று நானும் நம்பினேன். கல்யாணமே வேண்டாம் என்றிருந்த தபால்காரருக்குப் பிள்ளைச் செல்வம் பற்றிய வசனம் மூன்று வருஷம் தொடர்ந்து வந்தது. நான்காம் வருஷம் மனிதர் பெண் பார்க்கப் போய்விட்டார்.

பட்டன் அக்கா மட்டும் அட்டையைப் படித்து உதட்டைப் பிதுக்குவார். தட்டில் போட்டுக் கலக்கிவிட்டு வேறொன்றை எடுப்பார். தூரப் போனவர்கள் வீடு திரும்புவார்கள் என்கிற வசனம் கிடைக்கும்வரை தட்டு அவரைத் தாண்டாது. அவருடைய புருஷனை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போயிருந்தார்கள். இருக்கிறார் என்றும் செய்தியில்லை, இறந்தார் என்றும் செய்தியில்லை.

ஒரு வருஷம் சபை மூப்பர் பொறுக்க முடியாமல், இதென்ன சீட்டாட்டமா என்று கேட்டுவிட்டார்.

"ஆண்டவரு ஆள் மாத்திக் குடுத்துட்டாரு அங்கிள்," என்றார் அக்கா. "எத்தன பேருக்குத்தான் பாப்பாரு, பாவம். நானே தேடி எடுத்துக்கிறேன்."

நாட்டுக்குச் சுதந்திரம், மெர்டேக்கா, வந்த வருஷம், கிறிஸ்துமஸ் முடிந்ததும், செங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒருவர் போதகரைப் பார்க்க வந்தார். சயாமில் அக்காவின் புருஷனோடு ஒரே கொட்டகையில் கிடந்தவர். காய்ச்சலில் போனவரைத் தன் கையாலேயே புதைத்ததாகச் சொன்னார். இந்தப் பக்கம் வேலைக்கு வந்த பிறகுதான் இறந்தவரின் மனைவி இங்கே இருப்பது அவருக்குத் தெரிந்ததாம்.

பண்டிகை நேரம். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் அக்காவிடம் தானே சொல்வதாகப் போதகர் முடிவு செய்தார்.

"அந்த வசனத்த மட்டும் இந்த வருஷம் எழுதாதீங்க தம்பி," என்றார் என்னிடம். "தெரிஞ்சிக்கிட்டே எப்படிக் குடுக்கிறது?"

நான் எழுதவில்லை.

புத்தாண்டன்று அக்கா எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். சபையில் வழக்கமான சிரிப்பு. பிறகு தட்டை மடியில் வைத்துக்கொண்டு அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்ப ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. கடைசி அட்டையையும் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் போதகரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சேதி வந்துருச்சா?" என்றார் அக்கா.

கையிலிருந்த கடைசி அட்டையைத் தட்டில் வைத்தார்.

"வாயால சொல்லியிருக்கலாமே தம்பி. இப்படித் தேட விட்டுட்டீங்களே."

அட்டைகளை மறுபடி கவிழ்த்து அடுக்கி, தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் கைக்கு வந்த முதல் அட்டையைப் படிக்காமலே பையில் போட்டுக்கொள்வார். புத்தாண்டு ஆராதனை நேரத்தோடு முடிய ஆரம்பித்தது. எங்களில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. அக்கா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அந்த ஒரு காலை மட்டும் எனக்குத் திரும்பக் கிடைத்தால், போதகர் என்ன சொன்னாலும் சரி, தட்டிலிருக்கும் அத்தனை அட்டைகளிலும் அந்த ஒரே வசனத்தை எழுதி வைப்பேன்.