அப்பாவின் சைக்கிள் சத்தம்

பெடல் அசையவில்லை. குமாஸ்தா ஒரு காலால் மிதித்துப் பார்த்தார், பிறகு இரண்டு காலாலும் ஏறி நின்றார். நின்ற இடத்திலேயே நிற்பதற்கென்று செய்த உடற்பயிற்சி சைக்கிள் அது. அந்த வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தது.

சாயங்காலம் அண்ணன் வீட்டிலிருந்து அம்மா வருகிறாள். "அப்பாவோட சைக்கிள் ஓடுதாடா?" என்று போனில் கேட்டிருந்தாள். "ஜம்முனு ஓடுதும்மா" என்று சொல்லிவிட்டார். அப்பா போனபிறகு இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் அதன்மேல் துணிதான் காய்ந்துகொண்டிருந்தது. துணிகளை அள்ளியபோது, தொலைத்துவிட்டான் என்று சலவைக்காரனோடு சண்டை போட்ட சட்டை அடியில் கிடைத்தது.

"ரிப்பேர்னு அத்தைகிட்ட சொல்லிட வேண்டியதுதானே" என்றாள் மனைவி.

"அந்தச் சத்தத்துலதான் நான் வளர்ந்தேன். அம்மா ஒரு தடவை கேக்கட்டும். அவங்களுக்கு அப்பாவே வந்த மாதிரி இருக்கும்."

உண்மைதான். விடியுமுன்னே, சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து 'கிர்ர்... டக், கிர்ர்... டக்' என்று வரும். அப்பா எழுந்துவிட்டார். அண்ணனும் இவரும் போர்வையை உதறிவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். கதவைத் திறந்து பார்க்கும் துணிச்சல் இருவருக்கும் கிடையாது. அந்தச் சத்தத்தில் அண்ணன் இன்ஜினியர் ஆனான். இவர் குமாஸ்தா ஆனார். சத்தம் ஒன்றுதான், விளைச்சல் வேறு.

எண்ணெய் விட்டார். தாராளமாகவே விட்டார். பெடல் வெண்ணெயாகச் சுழன்றது. ஆனால் சத்தம் இல்லை.

"நல்லதுதானே?"

"சத்தமில்லாட்டி அது அப்பா சைக்கிளே இல்ல."

எண்ணெயைப் போக்க சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். தண்ணீர் கூடம் முழுக்க ஓடியது. மனைவி வழுக்கி, காலண்டரைப் பிடித்து, காலண்டரோடு உட்கார்ந்தாள். சைக்கிளிலிருந்து சத்தம் என்னவோ வந்தது. ஆனால் ஆடு கத்துவதுபோல் வந்தது.

கீழ்வீட்டு அம்மாள் மேலே வந்தாள். "இங்க ஆடு வளர்க்கக் கூடாதுன்னு வீட்டுக்காரர் சொல்லலையா?"

சைக்கிள் கடைக்காரர் வந்து காது கொடுத்துக் கேட்டார்.

"சத்தத்தை நிறுத்தத்தான் எல்லாரும் கூப்பிடுவாங்க. வரவைக்கக் கூப்பிட்ட முதல் ஆள் நீங்கதான் சார்."

அவர் எல்லாவற்றையும் கழற்றினார், எல்லாவற்றையும் மாட்டினார். ஒரு போல்ட் மிஞ்சியது.

"இது எங்க போகணும்?"

"அது உங்ககிட்டயே இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குமாஸ்தா ஏறி மிதித்தார். ஆடு போய்விட்டது. ஆனால் இதுவரை நகராத சைக்கிள் இப்போது நடுங்கி நடுங்கி நகர ஆரம்பித்தது. கூடத்தைத் தாண்டி சமையலறைக்குள் போய் நின்றது.

மனைவி திரும்பிப் பார்த்தாள். "வந்ததுதான் வந்தீங்க, இந்த டப்பாவைத் திறந்து குடுங்க."

டப்பா திறந்தது. வாசல்மணியும் அடித்தது.

அம்மா உள்ளே வந்தபோது, குமாஸ்தா போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் தேறாத பையன்போல நின்றார்.

"அம்மா, அப்பாவோட சத்தத்தைத் தொலைச்சுட்டேன்."

அம்மா பையைக் கீழே வைத்தாள். சமையலறைக்குள் போய்க் கைப்பிடியை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். லேசாக இடதுபக்கம் சாய்ந்து மிதித்தாள்.

கிர்ர்... டக். கிர்ர்... டக்.

குமாஸ்தாவின் கை தானாகவே ஒரு புத்தகத்தைத் தேடியது. கண் கலங்கிவிட்டது.

"அப்படியே அப்பா மிதிக்கிற மாதிரியே இருக்கும்மா."

அம்மா மிதிப்பதை நிறுத்தவில்லை.

"அவர் எங்கடா மிதிச்சார்? 'சத்தம் கேட்டாத்தான் பசங்க எழுந்து படிப்பானுங்க, நீ மிதி'ன்னு என்னை ஏத்திவிட்டுட்டு, இழுத்துப் போத்திட்டுத் தூங்கிடுவார்."