இளநீரில் கை கழுவிய சம்மந்தி

எதையும் நம்பாதவன் ஏமாறமாட்டான் என்பார்கள். பொய். யாரையும் நம்பாமலேயே ஏமாந்தவன் நான்.

கிணத்துக்கடவில் ரோட்டோரம் எனக்கு இளநீர்க் கடை. எங்கள் ஊரில் குமரேசன் என்பவர் செல்போனில் உள்ளூர்ச் செய்தி போடுவார். கீழே வரும் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் செய்திக்கே போவேன். விளம்பரம் கொடுக்கிற ஓட்டலின் சாக்கடை அவர் கண்ணில் படாது. (மற்ற சாக்கடையெல்லாம் படத்தோடு வரும்.)

மகள் கவிதாவுக்கு வீட்டில் நிச்சயம் வைத்திருந்தோம். அதற்கு முந்தைய நாள் செய்தி வந்தது. பெரிய குழாய் உடைந்துவிட்டதாம், நாளை தண்ணீர் வராதாம். கீழே தண்ணீர் லாரி விளம்பரம். லாரி குமரேசனின் மச்சினனுடையது.

எனக்கு இது போதாதா?

லாரிக்குச் சொல்லிவிடலாம் என்றாள் மனைவி சரசு. குழாயைத் திறந்து காட்டினேன். குபுகுபுவென்று வந்தது. "பாத்துக்க. இதுதான் ஆதாரம்" என்றேன். (ஊர்த் தொட்டியில் கிடந்த மிச்சம் அது. பிறகுதான் தெரிந்தது.)

அதோடு விட்டிருக்கலாம். தெரு குரூப்பிலும் போட்டேன்: 'லாரி ஓடுவதற்காகச் சொன்ன செய்தி. நம்ப வேண்டாம்.' ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். தெருவே கும்பிடு போட்டது. நெஞ்சு நிமிர்ந்தது.

மறுநாள் காலை குழாயில் காற்றுதான் வந்தது. லாரிக்குப் போன் போட்டேன். மற்ற தெருக்காரர்கள் முந்திவிட்டார்கள், இனி சாயங்காலம்தான் என்றார்கள். சரசு குடத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பினாள்.

"'உங்க ஊட்டுக்காரர்தானுங்களே நம்ப வேண்டாம்னாரு'ங்கறாங்க. தெருவே காஞ்சு கெடக்குதுங்க."

உடுமலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். முதலில் டிபன், அப்புறம் தட்டு மாற்றுவது என்று பேச்சு. டிபன் வெளியில் சொல்லியிருந்ததால் தப்பித்தோம். கேன் தண்ணீர் குடிக்கவே தீர்ந்தது. மாப்பிள்ளையின் அப்பா சாம்பார்க் கையோடு எழுந்தார். வாளி காலி. சம்பந்தம் இதோடு சரி என்று நினைத்தேன்.

கடைக்கு இறக்கிய இளநீர் வாசலில் கிடந்தது. அரிவாளை எடுத்தேன். ஒன்றைச் சீவி அவர் கையில் ஊற்றினேன்.

அவர் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, இது உங்க ஊர்ப் பழக்கமுங்களா?"

"வேண்டப்பட்டவங்களுக்கு மட்டுமுங்க."

சரசுவுக்குப் பொறுக்கவில்லை. குமரேசன், மச்சினன், குரூப் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. பிசுபிசுத்த கையைத் துண்டில் துடைத்தார்.

"அப்ப, செய்தி நெசம். நீங்க போட்டதுதான் பொய்" என்றார். பிறகு தட்டைப் பார்த்தார். "மாத்திக்கலாமுங்க. பொண்ணு அவங்கம்மா மாதிரி இருந்தாச் செரி."

அடுத்த நாள் குமரேசன் செய்தி போட்டார்: விருந்தாளிகளுக்கு இளநீரில் கை கழுவல். வரிவரியாகத் தேடினேன். ஒரு பொய்கூட அகப்படவில்லை. கீழே லாரி விளம்பரம்.

கல்யாணமும் நடந்தது, பேத்தியும் பிறந்துவிட்டாள். இன்றும் நான் எதையாவது அடித்துச் சொன்னால் சம்மந்தி மருமகளைக் கூப்பிடுவார்.

"அம்மணி, உங்கப்பா சொல்லிப்போட்டாரு. எதுக்கும் ஒரு கொடம் தண்ணி புடிச்சு வெச்சுக்க."