பன்னிரண்டு குதிரைகள்

க்ளைவ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயில் டெஸ்மண்ட் கடிவாளத்தை மாட்டிவிட்டார்.

"இன்னைக்குப் புதுசா ஒருத்..." என்பது வரைதான் வெளியே வந்தது.

"எதுவா இருந்தாலும் அப்புறம் பேசிக்கலாம். மணி ரெண்டாச்சு."

வாரத்தில் ஐந்து நாள் க்ளைவ் பல் டாக்டர். மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும் 'இடிமுழக்கம்' என்ற குதிரை. தலையில் சிவப்பு இறகு, கையில் குளம்பு உறை, பின்னால் வால். நார்ஃபோக்கின் அந்த ஒதுக்குப்புற நிலத்தில் இப்படிப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். எல்லாரும் தலை நரைத்த பெரிய மனிதர்கள். குதிரையாக இருப்பதும் குதிரையை ஓட்டுவதும் அவரவர் ஆசைப்பட்டு ஏற்றுக்கொண்டது. அதில் அடுத்தவருக்கு என்ன நஷ்டம்?

கழகத்துக்கு இரண்டே சட்டம். கடிவாளம் வாயில் இருக்கும்வரை குதிரை பேசக்கூடாது. மூன்று முறை காலைத் தட்டினால், தலைபோகிற காரியம் நடந்தாலும் ஓட்டுபவர் அந்த நொடியே கடிவாளத்தைக் கழற்றியாக வேண்டும். இரண்டையும் எழுதியவர் செயலாளர் டெஸ்மண்ட்தான். க்ளைவ் பதினோரு வருஷத்தில் ஒருநாளும் மூன்று தட்டியதில்லை. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. வழக்கமாக க்ளைவை ஓட்டும் அவர் மனைவிக்குச் சளிக்காய்ச்சல் என்பதால் இன்று டெஸ்மண்டே லகானைப் பிடித்திருந்தார்.

டெஸ்மண்டின் மனசு லகானில் இல்லை. நிலத்தின் சொந்தக்காரர் குளிர்காலத்தில் செத்துப்போனார். விஷயம் தெரிந்தும் சிரித்துவிட்டுப் போகிற மனிதர். இப்போது நிலம், கழகத்தில் ஒருவரும் பார்த்திராத அவருடைய அக்காவுக்கு வந்திருந்தது. "ஒரு சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன்" என்று அந்த அம்மாள் கடிதம் போட்டிருந்தாள். உண்மையைச் சொல்லப் பயந்து, "நாங்கள் குதிரைக் கழகம், பன்னிரண்டு குதிரைகள்" என்று மட்டும் டெஸ்மண்ட் பதில் எழுதியிருந்தார். இந்த இடமும் போனால் பன்னிரண்டு பேரும் பழையபடி திரைச்சீலையை மூடிக்கொண்டு வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டியதுதான்.

வேலி ஓரம் ஒரு கார் வந்து நின்றது. தொப்பி, கையுறை, சாம்பல் நிறக் கோட்டு என்று எழுபது வயது அம்மாள் ஒருத்தி இறங்கினாள்.

"தொலைஞ்சோம்! எல்லாரும் கொட்டகைக்குள்ள!" என்று டெஸ்மண்ட் கத்தினார்.

குதிரைகள் ஓடின. கொட்டகைக்குக் கதவில்லை. நல்ல வேளையாக, ரப்பர் பூட்ஸ் போட்ட கிழவி ஒருத்தி டிராக்டரில் வைக்கோல் கட்டுகளோடு வந்துகொண்டிருந்தாள். உட்காருவதற்காகப் பக்கத்துப் பண்ணையில் சொல்லிவைத்த வைக்கோல்.

"அம்மா, கட்டுகளையெல்லாம் கொட்டகை வாசல்ல அடுக்குங்க. சீக்கிரம்!"

கிழவி எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு ஜோடிக் கண்கள் அவளைப் பார்த்து விழித்தன.

"எதுக்குப்பா?"

"இவங்களை மறைக்கணும். நிலத்துக்காரி வந்துட்டா!"

"ஓகோ" என்றாள் கிழவி. பிறகு ஒன்றும் கேட்காமல் கட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

டெஸ்மண்ட் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தொப்பி அம்மாளிடம் ஓடினார்.

"குதிரைங்களைப் பார்க்க வந்தேன்" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "என்னை வரச்சொன்னது..."

"தெரியும் தெரியும். ஆனா பாருங்க, இன்னைக்கு எல்லாத்துக்கும் தொத்து நோய். மூக்கு ஒழுகுது."

"எல்லாருக்குமேவா?"

"பன்னெண்டுக்கும்."

அம்மாள் திரும்பிப் போவாள் என்று பார்த்தால், கைப்பையை இறுக்கிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

"ஒண்ணு கேட்கலாமா? வயசானதையும் சேர்த்துக்குவீங்களா?"

நோஞ்சான் குதிரைகளை வைத்து நிலத்தைப் பாழாக்குகிறோம் என்று நினைக்கிறாள் போலும். டெஸ்மண்ட் நெஞ்சை நிமிர்த்தினார்.

"சேச்சே! கிழடு தட்டினா வாசப்படி ஏற விடமாட்டோம்."

அவள் முகம் சுருங்கியது. "முட்டி வலி மட்டும் இருந்தா?"

"முட்டி போனா அன்னைக்கே வெளிய தள்ளிடுவோம்!"

அவள் கண் கலங்கிவிட்டது. இரக்கமில்லாதவன் என்று நினைத்துவிட்டாளோ என்று டெஸ்மண்ட் சமாளிக்க வார்த்தை தேடினார். அதே நேரம் வைக்கோலுக்கு மேலே சிவப்பு இறகு ஒன்று எழும்பி ஆடியது. பின்னாலேயே க்ளைவின் முழித்த கண்கள். தலையை இப்படியும் அப்படியும் உதறினார். ஒருமுறை காலைத் தட்டினார். ஒரு தட்டு என்றால் ஏதோ வேண்டும் என்று அர்த்தம்.

டெஸ்மண்ட் ஓடிப்போய் ஒரு கேரட்டை அவர் வாயருகே நீட்டினார். "கழுத்தறுக்காதே க்ளைவ், கும்பிடறேன்!"

க்ளைவ் கேரட்டைத் தட்டிவிட்டார். வைக்கோல் சுவர் ஆடியது. கிழவி முதுகைக் கொடுத்துத் தாங்கினாள்.

"நான் கிளம்பறேன்" என்றாள் தொப்பி அம்மாள், குரல் உடைந்து. "எனக்கு இங்க இடமில்லைன்னு புரிஞ்சுபோச்சு."

டெஸ்மண்டுக்கு உயிர் வந்தது. இன்னும் பத்தடி நடந்தால் காருக்குப் போய்விடுவாள்.

டொக்.

டொக்.

டொக்.

டெஸ்மண்ட் உறைந்துபோனார். பதினோரு வருஷமாகத் தட்டாத மனிதர். மூச்சு முட்டுகிறதோ, நெஞ்சு வலியோ? கழற்ற வேண்டுமென்றால் சுவரைத் தள்ளித்தான் உள்ளே போக வேண்டும். தள்ளினால் நிலம் போச்சு. அவள் இன்னும் கதவைக்கூடத் திறக்கவில்லை. பத்து விநாடி, பத்தே விநாடி பொறுத்தால் போதும்.

"நாசமாப் போகட்டும் நிலம்!" என்று தோளால் முட்டிச் சுவரைச் சாய்த்தார். பன்னிரண்டு குதிரைகளும் பட்டப்பகலில் பளிச்சென்று தெரிந்தன. டெஸ்மண்ட் கடிவாள வாரை அவிழ்த்தார்.

"என்ன செய்யுது க்ளைவ்? சொல்லுய்யா!"

க்ளைவ் தாடையைத் தேய்த்துக்கொண்டு கத்தினார். "உன் தலை! அவங்க எங்கிட்ட பல் கட்ட வந்த மிசஸ் பாட்ரிக்! நம்ம கழகத்துல குதிரையா சேர ரெண்டு வருஷமா தைரியத்தைச் சேர்த்துக்கிட்டு வந்திருக்காங்க. அவங்களைப் போய்க் கிழடுன்னு விரட்டறியே!"

கார் கதவில் கை வைத்திருந்த மிசஸ் பாட்ரிக் திரும்பினாள். மெதுவாகக் கைப்பையைத் திறந்து, தானே தைத்த, நீல இறகு வைத்த தலைப்பட்டையை வெட்கத்தோடு எடுத்துக் காட்டினாள்.

டெஸ்மண்ட் வைக்கோலில் பொத்தென்று உட்கார்ந்தார். வெட்கமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன.

"அப்போ நிலத்துக்காரி இன்னும் வரலையா! தப்பிச்சோம்டா சாமி!"

ரப்பர் பூட்ஸ் கிழவி சட்டையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டாள்.

"நிலத்துக்காரி நான்தாம்ப்பா. இந்தப் பக்கம்தானே வர்றேன்னு பக்கத்துப் பண்ணை வைக்கோல் வண்டியை நானே ஓட்டிட்டு வந்தேன். பன்னெண்டு குதிரைன்னு கடுதாசி எழுதினியே, இருக்கிற புல்லையெல்லாம் மேஞ்சு மொட்டையடிச்சிடுமேன்னு காலி பண்ணச் சொல்லத்தான் வந்தேன். இதுங்க புல்லு திங்காதுல்ல?"